கைப்பையில் இல்லாத டப்பா

விமானப் பணிப்பெண் உட்காரக்கூட இல்லை. "சார், நான் திருடலை. சாயங்காலம் விசாரணை. வேலை போயிடும்."

நிதானம் என்று எல்லோரும் அழைக்கும் துப்பறிவாளர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். நடந்தது இதுதான். நேற்று விமானத்தில் ஓர் இளம்பெண்ணுக்கு வலிப்பு வந்தது. வேளை தவறாமல் போடவேண்டிய மாத்திரை, டப்பாவோடு கைப்பையிலிருந்து காணாமல் போயிருந்தது. பையை மேலே தூக்கி வைத்தவள் இந்தப் பணிப்பெண். அவள்தான் எடுத்தாள் என்று, இளம்பெண்ணுடன் வந்த அப்பா புகார் கொடுத்துவிட்டார். துடித்தவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் போர்வையை மடித்து வைத்தவளும் இவள்தான். நன்றியாவது, மண்ணாங்கட்டியாவது!

"வலிப்பு மாத்திரையைத் திருடி யாரு அத்தான் என்ன பண்ணப்போறாங்க?" என்று கொதித்தான், நிதானத்துக்கு உதவியாக இருக்கும் மச்சினன்.

"அதைத்தான் போய்க் கேட்போம்."

அந்த இளம்பெண்ணின் வீட்டுக் கூடத்தில் பூட்டிய பயணப்பெட்டி இன்னும் பிரிக்காமல் நின்றது. மகள் சோபாவில் சாய்ந்திருந்தாள். உதடு கடிபட்டு வீங்கியிருந்தது.

"எத்தனை டப்பாம்மா வெச்சிருந்தே?"

"ஒண்ணுதான் சார். கைப்பையில நானே வெச்சேன்."

"வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டியா?"

"போட்டேன். வந்ததுமே அப்பா கொடுத்தார்."

"கடையில வாங்கினேன்," என்றார் அப்பா அவசரமாக.

மகள் நிமிர்ந்தாள். "வழியில வண்டி எங்கேயும் நிக்கலையேப்பா."

நிதானம் பெட்டியைத் தட்டினார். "டப்பா உங்க சட்டைப்பையில இருந்திருந்தா, பொண்ணு கேட்டப்பவே கொடுத்திருப்பீங்க. கைக்கு எட்டாத இடத்துல இருந்திருக்கு. இந்தப் பெட்டி விமானத்துல சரக்கோட போச்சு. சாவியைக் கொடுங்க."

மச்சினன் திறந்தான். துண்டில் சுருட்டிய டப்பா உள்ளே இருந்தது.

அப்பா தலை குனிந்தார். "சம்பந்தம் பேசற வீட்டுக்காரங்களும் அதே விமானத்துல வந்தாங்க. சோதனையில பையைத் திறந்து, அவங்க எதிர்ல இதை எடுத்துக் காட்டினா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

நாலு பேராம்! அவள் துடித்தபோது அந்த நாலு பேரில் ஒருவரும் இருக்கையை விட்டு அசையவில்லை.

"உங்க பொண்ணு உயிர் போயிருக்கும்," என்றார் நிதானம். அவர் குரல் உயர்ந்து மச்சினன் அன்றுதான் கேட்டான். "பழியை வேற அவளைக் காப்பாத்தினவ தலையில போட்டிருக்கீங்க."

மகள் கையை நீட்டினாள். "போனைக் கொடுங்கப்பா."

விமான நிறுவனத்துக்குப் பேசினாள். "மாத்திரையை எடுத்தது எங்க அப்பா. உங்க ஆள் இல்லை. எனக்கு வலிப்பு நோய் இருக்கு. விசாரணைக்கு நானே வந்து சொல்றேன்."

"மெதுவா பேசும்மா. பக்கத்து வீட்டுல கேட்கப்போகுது."

மகள் எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாள். பிறகு முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.