ரத்தம் வராத கெளுத்தி

செல்போன் அலறியது!

"ஏலே ரொனால்டு... கத்தி எறங்கலடா!" அம்மா அல்போன்சாவின் குரல் நடுங்கியது. "ரெண்டு தடவ வெட்டிட்டேன்... ஒரு சொட்டு ரத்தம் வரல!"

"யாரைம்மா?!"

"நீ மொதல்ல வா!"

பூட்டுக்கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு பைக்கை முறுக்கினான் ரொனால்டு.

அடுப்படி. முனை ஒடிந்த கத்தி. பலகையில்...

ரெண்டு அங்குலக் கெளுத்தி!

உடம்பெல்லாம் எலும்புக் கவசம். தென்னமெரிக்காக்காரி! மனைவி ரூபி கண்ணாடித் தொட்டியில் பிள்ளை மாதிரி வளர்க்கும் ஜோடியில் ஒன்று. எப்போது முட்டையிடுமோ என்று ஒரு வருஷமாகத் தவம் கிடக்கிறாள்.

"இதுகளுக்கு ஒண்ணுன்னா எங்கப்பன் வீட்டுக்குப் போயிருவேன்" என்று சொல்லியும் வைத்திருக்கிறாள். சொன்னால் செய்கிறவள்.

"இதையாம்மா வெட்டுன?"

"தவக்கால வெள்ளி. கறி ஆகாது. ஃபாதர் மத்தியானம் சாப்பிட வாராரு. மார்க்கெட்டுல மீனு இல்ல. இதுக சும்மாதான கெடக்குன்னு..."

"இன்னொண்ணு எங்க?"

அல்போன்சா அடுப்பைப் பார்த்தாள்.

"கொழம்புலயா?!"

"பக்கத்துல பாருடா. சட்டித் தண்ணியில கெடக்கு."

அப்போது... பலகையில் கிடந்த பிணம் வாயைத் திறந்தது! காற்றை ஒரு வாய் விழுங்கியது. அந்தச் சாதி காற்றைக் குடித்தே கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்.

ரெண்டையும் அள்ளிக்கொண்டு தொட்டிக்கு ஓடினான். பாதித் தண்ணீரைக் காணோம். மீன் பிடிக்க அம்மா மொண்டு கொட்டியிருந்தாள். பானையிலிருந்த சில்லென்ற தண்ணீரைக் கவிழ்த்து, மீன்களை விட்டான்.

ஃபாதர் ரசம் சாப்பிட்டு ஆசீர்வதித்துப் போனார்.

சாயங்காலம். எரியோடு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் ரூபி வந்தாள். நேரே தொட்டிக்குப் போனாள்.

"வீல்!"

போச்சு... குடும்பமே போச்சு! "சேசுவே!" என்று ஓடினான் ரொனால்டு.

கண்ணாடியில்... முத்து முத்தாய் முட்டைகள்!

"குளுந்த தண்ணி மாத்துனா, மழை வந்துருச்சுன்னு நெனச்சு முட்டை போடுமாம்! யாருங்க மாத்துனது?"

"நாந்தேன் தாயி" என்றாள் அல்போன்சா, கொஞ்சமும் கூசாமல்.

"அத்தே!" ரூபி கட்டிக்கொண்டு அழுதாள்.

மருமகளின் தோளுக்கு மேலே தலையை நீட்டி, மகனிடம் கிசுகிசுத்தாள் அல்போன்சா.

"ஏலே... அடுத்த தவக்காலத்துக்குள்ள இம்புட்டும் வளந்துருமா?"

ரொனால்டு கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய பூட்டாக எடுத்து வந்தான்.

தொட்டிக்கு அல்ல... அடுப்படிக்கு!