ஒன்பதாம் கேள்வியின் வளைகோடு

ஞாயிறு, காலை பத்து மணி. ஜெயபிரகாஷ் டிராயரை இழுத்தார். திருத்துவதற்கான விடைத்தாள் அதில் இல்லை.

ஆலன் நகரில் இந்திய மளிகைக் கடைக்கும் புருவம் திருத்தும் கடைக்கும் நடுவே இருந்தது அவருடைய கணிதப் பயிற்சி வகுப்பு. முந்தைய நாள்தான் அங்கே தேர்வு நடந்திருந்தது. முதலாவதாக வரும் பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கோடை முகாமில் இடம் உண்டு. ஒரே ஓர் இடம்.

"வெள்ளிக்கிழமை நீங்கதானே உள்ள வச்சீங்க, ஹம்சா?"

"நான்தான் வச்சேன்."

கேள்வித்தாளைத் தயாரித்தவள் ஹம்சா. பிழைப்புக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடிப்பவள். வாயைத் திறக்குமுன்பே பொய்யனைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துகளில் எல்லாம் சொல்லிக்கொள்வாள். மகன் ரோஹனும் அதே தேர்வை எழுதுவதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இல்லை. வீட்டில் ஒரு கேள்வியைக்கூடச் சொன்னதில்லை என்ற பெருமை வேறு. அது உண்மையும்தான்.

ஒன்பதாம் கேள்வி முதலில் √(x+6) = x என்றுதான் இருந்தது. தீர்க்க வேண்டும், வரைபடமும் போட வேண்டும். வெள்ளி மாலை அதைப் பார்த்த ஜெயபிரகாஷ், "இது எல்லா புக்லயும் இருக்கே" என்று உதட்டைப் பிதுக்கினார். ஹம்சா அங்கேயே உட்கார்ந்து ஆறைப் பன்னிரண்டாக்கினாள். விடைத்தாளையும் மாற்றி, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்தாள். அப்போது மூலையில் அங்கே படிக்கும் விஷாகா இருந்தாள். அவள் அம்மா ராஜராணி டேகேரில் வேலை முடித்து வரும்வரை அந்தப் பெண் அங்கேதான் காத்திருப்பாள்.

விடைத்தாள் இல்லாமலே ஹம்சா மளமளவென்று திருத்தினாள். விஷாகா மட்டும் பத்துக்குப் பத்து. அடுத்தவன் ரோஹன். ஒன்பதாம் கேள்வியில் நான்கு வரவேண்டிய இடத்தில் மூன்று போட்டிருந்தான். "கேர்லெஸ்" என்று முணுமுணுத்துச் சிவப்பில் பெருக்கல் குறி போட்டாள்.

"முழு மார்க். வெள்ளிக்கிழமை நான் கிளம்பினப்புறமும் அதே ரூம்ல இருந்திருக்கா. இதுக்கு மேல என்ன வேணும்?"

"ஒரு தடவை விசாரிச்சுட்டு..."

அவர் முடிக்குமுன் ஹம்சா ராஜராணியைப் போனில் அழைத்து, விஷாகா விடைத்தாளை எடுத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டாள். மறுமுனையில் வாதம் ஏதும் எழவில்லை. "கூட்டிக்கொண்டு வாறன்" என்பதோடு சரி.

பிற்பகல் இரண்டு மணி. ராஜராணி காரிலேயே இருந்துகொண்டாள். விஷாகா மட்டும் உள்ளே வந்தாள். கண் வீங்கி, ஒரு பக்கக் கன்னம் சிவந்திருந்தது. குற்ற உணர்ச்சி என்று ஹம்சா முடிவு கட்டினாள்.

"டிராயரைத் திறந்தியா?"

"இல்லை ஆன்ட்டி."

"ஒன்பதாவதுல மைனஸ் மூணுன்னு எழுதிட்டு ஏன் அடிச்ச?"

"ஸ்கொயர் பண்ணினா ரெண்டு ஆன்சர் வரும். ரெண்டையும் திருப்பிப் போட்டுப் பாத்தன். மைனஸ் மூண்டைப் போட்டா, ரூட் ஒன்பது, அது மூண்டு. மைனஸ் மூண்டு இல்லையே. கிராஃபும் கீழ போகாது. நாலில மட்டும்தான் வெட்டும்."

மனப்பாடம் செய்தவள் இப்படிப் பேசமாட்டாள். ஹம்சாவின் குரல் இறங்கியது.

"அப்ப விடைத்தாள் எங்க?"

"நீங்கள் காப்பி மெஷினுக்குள்ள வச்சதை எடுக்கேல்லையே ஆன்ட்டி."

ஜெயபிரகாஷ் நகல் இயந்திரத்தின் மூடியைத் தூக்கினார். கண்ணாடிமேல் கவிழ்ந்து கிடந்தது தாள்.

"முன்னாடியே சொல்றதுக்கென்னம்மா?"

"ஒருத்தரும் கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டு விஷாகா வெளியே போனாள்.

"அப்பாடா, திருட்டே இல்ல!" என்றார் ஜெயபிரகாஷ்.

ஹம்சா திருத்திய தாள்களை மறுபடி புரட்டினாள். அவள் கையில் ரோஹனின் தாள் இருந்தது. காலையில் விடையை மட்டும் பார்த்தவள் இப்போதுதான் வரைபடத்தைப் பார்த்தாள்.

"திருட்டு இருக்கு சார். பண்ணது ரோஹன்."

"என்ன சொல்றீங்க? அவனுக்குத்தான் தப்பாச்சே!"

"அந்தத் தப்புதான் சார். பேப்பர்ல இருக்கிறது x ப்ளஸ் பன்னிரண்டு. கோடு மைனஸ் பன்னிரண்டுல ஆரம்பிக்கணும். இவன் மைனஸ் ஆறுல ஆரம்பிச்சிருக்கான். மூணு சரி, மைனஸ் ரெண்டு தள்ளுபடின்னு போட்டிருக்கான், ஸ்டெப் ஒண்ணுகூட இல்ல. தெரியாம தப்பு பண்றவன் எங்கயாவது விழுவான். பழைய கேள்வியோட விடையில முழுசாப் போய் விழமாட்டான். அந்தப் பழைய விடைத்தாள் வெள்ளிக்கிழமை இங்க வர்றதுக்கு முன்னாடி என் டைனிங் டேபிள்லதான் கிடந்தது."

ஜெயபிரகாஷ் குரலைத் தாழ்த்தினார். "சீட் அவனுக்குக் கிடைக்கப் போறதில்ல. நமக்குள்ளயே இருக்கட்டுமே."

ஒரு கணம் அவளுக்கும் சபலம் தட்டியது. அதற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ரோஹனுக்குப் போன் போட்டாள்.

"டேபிள்ல இருந்த தாளைப் பாத்தியா?"

"ஐ மெமரைஸ்டு இட். எக்ஸாம்ல நம்பர் நைனைப் படிக்கவே இல்ல. யூ ஸெட் ஃபர்ஸ்ட் ஆர் நத்திங், அம்மா."

அவன் தாளைக் குறுக்கே கோடிழுத்து ரத்து செய்து ஜெயபிரகாஷிடம் கொடுத்தாள். பிறகு பார்க்கிங்கில் நின்ற காரை நோக்கி நடந்தாள். ராஜராணி கண்ணாடியை இறக்கினாள். ஹம்சா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். முகாம் இடம் விஷாகாவுக்குத்தான் என்றாள். மன்னிப்பும் கேட்டாள்.

ராஜராணி ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே பேசினாள்.

"காலமை நீங்கள் போனை வச்ச உடன நான் இவளுக்கு அடிச்சுப்போட்டன். பிறந்ததிலயிருந்து இவள்ல கை வச்சதில்லை. எடுக்கேல்லை அம்மா, எடுக்கேல்லை எண்டு கத்தினவள். ஹம்சா அக்கா சொன்னாப் பிழையா இருக்காதெண்டு திரும்பவும் அடிச்சன்."

பின்சீட்டில் விஷாகா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். சிவந்த கன்னம் ஹம்சாவின் பக்கம் வந்தது. அதில் நான்கு விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன.