டிலக்சியின் முழம்

நீலத் துணி எட்டவில்லை.

வேதாகமத்து உடன்படிக்கைப் பெட்டியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது அதன்மேல் நீலத் துணி போர்த்த வேண்டும் என்பது மோசே காலத்துச் சட்டம். டண்டினொங்கில், டயர்க் கடைக்குப் பின்னால், வாடகைக் களஞ்சியத்தில் கூடுகிற சின்னத் தமிழ்ச் சபைக்கு அதை மீறத் துணிவு வருமா? ஆகவே நான்கு வருடங்களுக்கு முன் அன்னமலர் தன்னுடைய கலியாணத்துக்கு வந்த சேலையொன்றை அறுத்து, சபையின் மாதிரிப் பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்த துணி அது. நாலு பக்கமும் நிலத்தில் புரண்டு கிடக்கும். இந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவளுடைய புருசன் கொட்பிறி அதைப் போர்த்திப் பார்த்தபோது, தலைமாட்டை மூடினால் கால்மாடு தெரிந்தது. கால்மாட்டை மூடினால் தலைமாடு தெரிந்தது. மனுசி சுடுதண்ணியில் தோய்த்துவிட்டாள் என்று தீர்ப்புச் சொன்னார். அவர்கள் வீட்டில் எது சுருங்கினாலும் குற்றவாளி அன்னமலர். எது பெருத்தாலும் அது கொட்பிறியின் வயிறு.

பிறகுதான் யோசித்தார். பெட்டிக்கு எப்படித் தலைமாடு, கால்மாடு வந்தது?

அவர் சமையலறை அலுமாரி செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்பவர். மற்ற எல்லோரும் கொம்பியூட்டரும் கணக்கும் படித்த சபையில் ஆணி அடிக்கத் தெரிந்த ஒரே விசுவாசி. எனவே இஸ்ரவேலரின் ஆசரிப்புக் கூடாரத்தை அப்படியே கட்டிக் கண்காட்சி வைக்கவேண்டும் என்று பாஸ்ரர் எறிக்குக்குத் தரிசனம் கிடைத்தபோது, அந்தத் தரிசனம் நேரே கொட்பிறியின் முதுகில் வந்து இறங்கியது. ஆட்டுத்தோலுக்குத் தார்ப்பாய். பொன்னுக்கு ஸ்பிரே. பெட்டி மூடியில் நிற்கிற கேருபீன்களுக்கு, பூந்தோட்டக் கடையில் மலிவாகக் கிடைத்த இரண்டு களிமண் தேவதூதர்கள். ஒருவருக்கு மூக்கு நுனி இல்லை.

"அப்பா, முழம் எண்டால் ஆரின்ர முழம்?"

டிலக்சிதான் கேட்டாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. கேள்வி நியாயமானது. பெட்டிக்கு இரண்டரை முழம் நீளம், ஒன்றரை முழம் அகலம், ஒன்றரை முழம் உயரம் என்று மோசேக்குச் சொல்லப்பட்டதே தவிர, யாருடைய கை என்று சொல்லப்படவில்லை. கொட்பிறியின் கையால் அளந்தால் புதுப் பலகை வாங்கவேண்டும். தொழிற்சாலையில் கழித்துப் போட்ட துண்டுகளுக்குள் காரியத்தை முடிப்பதானால் சின்னக் கை தேவை.

"உன்ரதான் பிள்ளை. கொண்டா கையை."

அவள் முழங்கையைப் பலகை விளிம்பில் ஊன்றி, விரல்களை எட்டுமட்டும் நீட்டினாள். நடுவிரல் நுனியில் அவர் பென்சிலால் கீறக் கீற, கூச்சத்தில் நெளிந்தாள். பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன பிரதர், உடன்படிக்கைப் பெட்டியோ, சப்பாத்துப் பெட்டியோ?" என்று பாஸ்ரர் கேட்டார். "இட்ஸ் மை சைஸ், பாஸ்ரர்," என்று டிலக்சி விளக்கம் சொன்னாள். உள்ளே வைக்கிற மன்னாவுக்கு, வானத்திலிருந்து கொத்தமல்லி விதைபோல விழுந்த அந்த அப்பத்துக்கு, ஒரு ஜாம் போத்தல் நிறையக் கொத்தமல்லி விதையைக் குசினியிலிருந்து களவெடுத்து வந்ததும் அவள்தான்.

அந்தக் குளிர்காலம் முடியுமுன் மூளைக்காய்ச்சல். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்து தலையிடி என்றாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அவளுடைய சப்பாத்துகளை ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள்.

அதன்பிறகு சபை கண்காட்சி நடத்தவில்லை. பெட்டி களஞ்சியத்தின் மேல் தட்டில், துணிக்குக் கீழே கிடந்தது. இந்த வருடம் மறுபடி கண்காட்சி; களஞ்சியத்துக்குள் கூடாரம் எழும்பிவிட்டது. சிட்னி டூங்கபிச் சபை சரியான அளவில் புதுப் பெட்டி ஒன்றைச் செய்து அனுப்புகிறது. "பழசை இண்டைக்கே கழட்டிப் போடுங்கோ பிரதர். வைக்க இடமும் இல்லை," என்று பாஸ்ரர் போனில் சொன்னார். அந்த அளவு யாருடையது என்று அவர் மறந்துபோயிருந்தார். மறக்கிறவர்கள் பாக்கியவான்கள்.

அன்னமலர் மறக்கவில்லை. ஷட்டருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்து திரைச்சீலைக்கு வளையம் தைத்துக்கொண்டிருந்தாள்.

"உடைக்கேக்க முதலே சொல்லுங்கோப்பா. நான் போய்க் காருக்குள்ள இருக்கிறன்."

"ஓம்."

"சத்தம் கேட்டால் என்னாலை ஏலாது."

"ஓமப்பா. சொல்லுறன்."

உடைக்கிறதற்கு முன் ஒரு தரமாவது அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கட்டும் என்று அவருக்குத் தோன்றியது. தட்டிலிருந்து இறக்கினார். முன்னர் தனியே தூக்கிக்கொண்டு நடந்த பெட்டி; இப்போது இடுப்பைப் பிடித்தது. வயசு போகுது என்று இடுப்பிடமே சொல்லிவிட்டு, தள்ளுவண்டியில் வைத்து, குத்துவிளக்கையும் அப்ப மேசையையும் தாண்டி, உள் திரையை விலக்கி, மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் கொண்டுபோனார்.

அங்கே விளக்குக் கிடையாது. பழைய காலத்திலும் கிடையாது. பிரதான ஆசாரியன் வருடத்துக்கு ஒரு தரம் தனியே போகிற இருட்டு அது. அதே இருட்டு வேண்டும் என்று கறுப்புத் துணியை மூன்று மடிப்பாக அடித்ததும் இந்தக் கெட்டிக்காரன்தான். திரை பின்னால் விழுந்ததும் பகல் அறுந்து போனது. டயர்க் கடையில் காற்றுத் துப்பாக்கி நட்டுகளைக் கழற்றுகிற சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தது. தார்ப்பாயின் பிளாஸ்ரிக் வாசமும் பசை வாசமும் அவருடைய சொந்த வியர்வையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் நின்றன. அவற்றுக்கெல்லாம் கீழே, மெலிதாக, இப்போதுதான் யாரோ கையில் தேய்த்துவிட்டதுபோல, பச்சையாக, கொத்தமல்லி.

நாலு வருடத்துக் கொத்தமல்லி மணக்காது.

போனின் வெளிச்சத்தில் அளவு நாடாவை இழுத்தார். அந்தப் பெட்டி எண்பது சென்ரிமீற்றர். அதை அவர் நித்திரையிலும் சொல்வார். நாடா நூறு காட்டியது. எம்.டி.எப். பலகை ஈரத்தில் ஊதும் என்று தொழிலாளி மூளை சொன்னது. ஊதினால் தடிக்கும், நீளாது என்று அதே மூளை மறுத்தது. மூட்டுகள் இறுக்கமாக இருந்தன. பொன் பூச்சில் ஒரு வெடிப்பு இல்லை. நூறை இரண்டரையால் பிரித்தார். நாற்பது. ஒரு முழம் நாற்பது சென்ரிமீற்றர். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கை.

இந்த வருடம் அவளுக்குப் பன்னிரண்டு ஆகியிருக்கும்.

பயம் வரவேண்டிய இடம் அது. கொட்பிறிக்கு வந்தது வேறு. பள்ளிக்கூட வாசலுக்குப் பிந்திப்போன தகப்பனைப்போல, பெட்டிக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டார். போனைக் கவிழ்த்து வைத்தார். மூடியின்மேல், இரண்டு தேவதூதர்களுக்கும் நடுவே, தன் முழங்கையை ஊன்றிக் கையை நீட்டினார்.

தடவியபோது மூடி ஒரு விரல் அளவு தூக்கியிருந்தது.

பக்கத்தில் இன்னொரு கை வந்து கிடந்தது.

இளஞ்சூடு. மெல்லிய மணிக்கட்டு. சுண்டுவிரலின் ஓரம் அவருடைய சுண்டுவிரலில் பட்டது. நகத்தைக் கடிக்கிற பழக்கம் போகவில்லை; நுனி சொரசொரத்தது. அவர் மூச்சுவிடப் பயந்தார். தும்மினால் குருவி பறந்துவிடும் என்பதுபோல.

"வளந்திட்டாய் பிள்ளை," என்றார்.

சுண்டுவிரல் அவருடையதைக் கொழுவிக்கொண்டது.

வெளியே கதிரை நிலத்தில் உரசியது. "ஆரோடயப்பா கதைக்கிறியள்?"

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் ஒரு சந்தோசத்தைத் தனியே வைத்திருக்கத் தெரியாத மனிதர் அவர். "அன்னம்," என்றார். "அவள் வளந்திட்டாள்."

வெளியே திரைச்சீலை வளையங்கள் நிலத்தில் சிந்தின. டயர்க் கடைச் சத்தம் நின்றிருந்தது.

அப்போது அவர் கேட்டார். எந்தத் தகப்பனும் கேட்கக்கூடியதைத்தான். பதினாறில் அவள் எப்படி இருப்பாள், இருபதில் எப்படி இருப்பாள். பட்டம் வாங்குகிற கை. மோதிரம் போடுகிற கை.

"இன்னும் கொஞ்சம் வளரம்மா."

டிலக்சி, சொன்னால் கேட்கிற பிள்ளை.

பலகை முனகியது. அவருடைய கையை ஒட்டிக்கிடந்த கை நகர்ந்தது. விரல் நுனிகள் அவருடைய விரல் நுனிகளுக்குச் சமமாக வந்தன. அவர் அழுதார். தாண்டின. அவர் சிரித்தார். இன்னும் தாண்டின.

"காணும், போதும்," என்றார்.

அதற்குக் காணவில்லை. தோல் அவருடைய தோலில் உரசி உரசிப் போய்க்கொண்டிருந்தது. சூடு குறைந்தது. முழங்கை ஒன்று, கூர்மையாக, அவருடைய முழங்கையைத் தாண்டியது. அதற்குப் பின்னால் தோள் வரவேண்டும். மெல்லிய கைதான் வந்தது. பிறகு இன்னொரு முழங்கை.

"காணும் பிள்ளை. நில்லம்மா."

மூன்றாவது முழங்கை.

திரைக்கு அப்பால் செருப்புச் சத்தம். கிட்ட வந்து நின்றது. முழங்கால்கள் சீமெந்தில் பதிகிற சத்தம்.

"நானும் ஒருக்கால் தொடட்டே?" அன்னமலரின் குரல் அவருடைய காதுக்கு நேரே கேட்டது. "உள்ள வரேல்லையப்பா. கையை மட்டும்."

வேண்டாம். நாக்கில் இருந்தது. வேண்டாம் அன்னம், ஓடு.

திரையின் அடி ஒரு சாண் உயர்ந்தது. நிலத்தில் வெளிச்சம் ஒரு கீற்று. அதற்குள் அன்னமலரின் கை, தையல் விரலுறையோடு, உள்ளங்கை மேலே பார்க்க.

அந்தக் கீற்றில் அவர் கண்டார். மூடியின் இடுக்கிலிருந்து அது இறங்கிக்கொண்டிருந்தது. நிலத்தில் மடிந்து மடிந்து. வெளிறி, சின்ன எலும்பாக, முழம் முழமாக. நுனியில் மட்டும் ஒரு பிள்ளையின் கை. அது அவருடைய விரலை விட்டுவிட்டுத் தாயின் பக்கம் திரும்பியது.

வாயைத் திறந்தார்.

"என்ர குஞ்சு," என்றாள் அன்னமலர். நாலு வருடமாக அந்த வீட்டில் கேட்காத குரல். சிரிப்பு அதற்குள் இருந்தது. "கை நல்லாக் குளிருதே. என்னம்மா, சாப்பிட்டியே?"

கொட்பிறி வாயை மூடினார்.

கீற்று வெளிச்சத்தில் அவள் அந்த விரல்களைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக. அதற்குப் பின்னால் வந்தது திரைக்குக் கீழால், சத்தமில்லாமல், அவளுடைய மணிக்கட்டைச் சுற்றி, முழங்கையைச் சுற்றி, மேலே போய்க்கொண்டிருந்தது. பெட்டிக்குள் இன்னும் இருந்தது. அவள் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தாள்.