ஷட்டருக்கு அடியில் போன கேபிள்

வண்டியில் பிளக்கைச் செருகுவதற்கு முன்பே சார்ஜர் ஓடிக்கொண்டிருந்தது. ஆளுயர இரும்புப் பெட்டிக்குள் விசிறி சுழலும் சத்தம், பெரிய மிருகம் ஒன்று தூக்கத்தில் மூச்சு விடுவதைப் போல, ஒரே சீராக வந்தது. நவநீதகிருஷ்ணன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓடுகிற சார்ஜர் ஒன்று கிடைத்ததே போதும் என்றிருந்தது அவனுக்கு.

காலையில் பெங்களூரில் கிளம்பியவன். மனைவி தனப்பிரியா தங்கையின் நிச்சயதார்த்த வேலைகளுக்காக ஒரு வாரம் முன்பே மோகனூருக்குப் போய்விட்டாள். ஏழு வயது மகள் கனிஷ்காவைப் பள்ளி விடுமுறை விட்டதும் கூட்டி வருவது அவன் பொறுப்பு. புது எலெக்ட்ரிக் கார், முதல் நெடும்பயணம். கிருஷ்ணகிரியில் கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொண்டான். சேலத்தில் ஓட்டல் வாசலில் நான்கு வண்டிகள் வரிசையில் நின்றதால், ராசிபுரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டான். ராசிபுரத்தில் பெட்ரோல் பங்க் ஓரமாக நின்ற சார்ஜரின் திரை கறுத்துக் கிடந்தது.

"ஒரு வாரமா ஓடறதில்லீங்க," என்றார் பங்க்கில் இருந்தவர். "கம்பெனிக்காரங்க வந்து பாக்கோணும்."

வண்டியில் பத்து சதவீதம் மிச்சம். மோகனூருக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர் இருந்தது. போனில் சார்ஜர் இருக்கும் இடம் காட்டும் ஆப்பைத் திறந்து தேடியபோது நெடுஞ்சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. அதை நம்பித்தான் மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே போன ஒற்றைத் தார்ச்சாலையில் திரும்பினான்.

வந்து நின்ற இடம் மூடிக் கிடந்த ஒரு கோழித்தீவன மில். காம்பவுண்டுக்குள் யாரும் இல்லை. ஐப்பசி மேகம் கவிழ்ந்திருந்ததால் ஐந்தரை மணிக்கே வெளிச்சம் சாம்பல் நிறமாகியிருந்தது. மில் நின்று எத்தனை காலமோ, மக்காச்சோள மாவும் கருவாட்டுத் தூளும் கலந்த வாடை மட்டும் சுவர்களை விட்டுப் போகாமல், மழைக்கு முந்தின ஈரத்தில் ஊறி, மூக்கின் அடியில் வந்து தங்கியது. தகரக் கூரையில் எங்கோ ஒரு ஆணி கழன்று, காற்று அடிக்கும்போதெல்லாம் தட்டிக்கொண்டிருந்தது.

கன் என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கனத்த பிளக்கை வண்டியில் செருகினான். கிளிக் என்று பூட்டிக்கொண்டது. அப்போதுதான் பெட்டியின் மறுபக்கத்திலிருந்து இன்னொரு கேபிள் கிளம்புவதைப் பார்த்தான். அது தரையில் வளைந்து நெளிந்து, காய்ந்த புல்லைத் தாண்டி, பத்தடி தூரத்தில் இருந்த குடோன் ஷட்டரின் அடியில் இருந்த ஒரு சாண் இடைவெளி வழியாக உள்ளே போயிருந்தது.

ஆப்பில் பார்த்தான். கன் இரண்டு: சார்ஜ் ஆகிறது. மூன்று சதவீதம். தொடங்கி நாற்பத்தொரு நாள்.

ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு காரின் பின்கதவைத் திறந்தான். ஏசிக் குளிரில் சுருண்டிருந்த கனிஷ்கா பாதிக் கண் விழித்தாள்.

"எத்தன நேரமாகும்ப்பா?"

"அரை மணி நேரம் சாமி. தூங்கு."

"இப்பத்தான பெல்ட் போட்டு உட்டீங்க? இறுக்கமா இருக்குது."

அவன் பெல்ட் போட்டுவிடவில்லை. படுத்துக்கொள்ளட்டும் என்று சேலத்திலேயே கழற்றிவிட்டிருந்தான். இப்போது அது அவள் மார்புக்குக் குறுக்கே பூட்டியிருந்தது. தூக்கத்தில் அவளே போட்டிருப்பாள். அப்படித்தான் இருக்க வேண்டும். கழற்றித் தளர்த்திவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினான்.

பத்து நிமிடம் காம்பவுண்டுக்குள் நடந்தான். தூரத்தில் நாமக்கல் சாலையில் போகும் லாரிகளின் இரைச்சல் கேட்க வேண்டிய தூரம்தான், கேட்கவில்லை. தவளை, பூச்சிச் சத்தம் எதுவும் இல்லை. விசிறியும் ஆணியும் மட்டும். திரும்பி வந்து வண்டியின் திரையைப் பார்த்தான்.

ஐந்து சதவீதம்.

எட்டு சதவீதத்தில் அல்லவா செருகினான்? ஆப்பைப் பார்த்தான். கன் இரண்டு முப்பத்தாறு சதவீதத்தில் நின்றது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்தேழானது.

நிறுத்து என்ற பொத்தானை அழுத்தினான். ஒன்றும் ஆகவில்லை. கன்னைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. சாவியால் பூட்டைத் திறந்து, மறுபடி இழுத்தான். காலை வண்டியில் ஊன்றி இழுத்தான். கேபிள் கைக்குச் சூடாக இருந்தது, காய்ச்சல்காரன் கையைப் பிடித்த மாதிரி. சார்ஜர் பெட்டியில் எழுதியிருந்த உதவி எண்ணுக்கு அழைத்தபோது ஒரு பெண் எடுத்தாள்.

"சார், உங்க வண்டி தெரியுதுங்க சார். ஆனா மீட்டர் மைனஸ்ல காட்டுது."

"மைனஸ்னா?"

"வண்டிக்குள்ள ஏறலைங்க சார். உங்க வண்டியிலிருந்து வெளிய போயிட்டிருக்கு."

"ரெண்டாவது கன்ல இருக்கற வண்டிக்குப் போகுதுங்களா? அத அங்கிருந்து நிறுத்துங்க."

அவள் விசைப்பலகையில் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"சார், அந்த ஸ்டேஷன்ல ஒரு கன்தாங்க சார். ரெண்டாவது நாங்க மாட்டவே இல்லை." அவள் குரல் தாழ்ந்தது. "உங்க கூட யாராச்சும் இருக்காங்களா சார்? உங்களுக்குப் பின்னாடி யாரோ பேசற மாதிரி கேக்குதுங்க."

இணைப்பு போய்விட்டது.

பின்னால் யாரும் இல்லை. ஷட்டர்தான் இருந்தது. அதன் அடியில் இப்போது வெளிச்சம் தெரிந்தது. கார் முன்விளக்கு போடுகிற மாதிரி வெள்ளை வெளிச்சம்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடு என்று மனம் சொன்னது. கால்கள் இரண்டு எட்டு ஷட்டர் பக்கம் போய்விட்டிருந்தன. உள்ளே ஆள் இருந்தால் கேட்டு நிறுத்திவிடலாம் என்று ஒரு நப்பாசை. குனிந்தான். கன்னத்தைத் தரையோடு வைத்து இடைவெளி வழியாகப் பார்த்தான். மாவுத் தூசி கணுக்கால் உயரம். அதில் ஒரு காலடி கூட இல்லை. இரண்டு டயர்கள். தாழ்ந்த பம்பர். தூசி மூடிய நம்பர் பிளேட்.

கடைசி நான்கு எண்ணைப் படித்தான். மறுபடி படித்தான்.

அவன் வண்டி எண்.

கையில் போன் அதிர்ந்தது. தனப்பிரியா. அதே நேரத்தில் ஷட்டருக்கு உள்ளே இன்னொரு போன் அடித்தது. அதே மணியோசை. அவன் விரல் படுவதற்குள் உள்ளே மணி நின்றது. அவன் திரையில் அழைப்பு இணைந்து நொடிகள் ஓடத் தொடங்கின. காதில் வைத்தான்.

"எங்கீங்க இருக்கறீங்க?" என்றாள் தனப்பிரியா.

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் பதில் வந்துவிட்டது. போனிலிருந்து வந்தது. அதற்கு ஒரு கணம் முன்பே ஷட்டர் அடியிலிருந்தும் வந்தது.

"ராசிபுரம் தாண்டிட்டேன். சார்ஜ் ஏறிட்டிருக்குது. இப்பக் கெளம்பிருவேன்."

அவனுடைய குரல்.

"பாப்பா என்ன பண்றா?"

"தூங்குது."

"தனம், அது நானில்ல. தனம், கேக்குதா? நான் இங்க இருக்கறேன்."

"சரி, பாத்து வாங்க," என்றாள் அவள். "அம்மா சோறாக்கி வெச்சிருக்குது." வைத்துவிட்டாள்.

ஓடினான். பின்கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்கு உள்ளே இருட்டு. தட்டினான். மறுபக்கம் ஓடினான். அதுவும் திறக்கவில்லை. ஓட்டுநர் கதவு மட்டும் தொட்டதும் திறந்தது. உள்ளே பாய்ந்து, இருக்கைகளுக்கு நடுவே கையை நீட்டினான்.

"சாமி, எந்திரி. வா."

கைக்கு இருக்கைத் துணிதான் அகப்பட்டது. இன்னும் சூடாக இருந்தது.

பின்னால் யாரும் இல்லை.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது. திரை ஒரு சதவீதம் என்று காட்டியது. பிறகு சுழியம். பிறகு அணைந்தது. ஏசி நின்றது. கைப்பிடியை இழுத்தான். கண்ணாடியை முழங்கையால் இடித்தான். முழங்கைதான் மரத்துப்போனது. கருவாட்டு வாடை உள்ளே வந்துவிட்டிருந்தது.

எதிரே ஷட்டர் ஏறியது. மெதுவாக. துருப்பிடித்த ஒவ்வொரு பட்டையாக.

கார் வெளியே வந்தது. சத்தமே இல்லை. மாவுத் தூசி கூரையிலிருந்து மணலைப் போலச் சரிந்தது. ஓட்டுநர் இருக்கையில் அவனே இருந்தான். அதே நீலச் சட்டை. அதே மூக்குக்கண்ணாடி. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். இவன் பக்கம் திரும்பவே இல்லை. சாலையையே பார்த்துக்கொண்டு, நிதானமாக, இவன் கதவை உரசுகிற தூரத்தில் கடந்து போனான்.

பின் இருக்கையில் கனிஷ்கா.

நவநீதகிருஷ்ணன் கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான்.

அவன் வண்டி அசைந்தது. அதில் செருகியிருந்த கேபிள் இப்போது பெட்டிக்குப் போகவில்லை, நேராகக் குடோனுக்குள் விறைத்து நின்றது. இருட்டுக்குள்ளிருந்து ஏதோ இழுத்தது. சக்கரங்கள் உருண்டன. பிரேக்கை மிதித்தான். நிற்கவில்லை. ஓர் அடி. இன்னோர் அடி. தூசி சன்னல் வரை எழும்பியது. தலைக்கு மேல் குடோன் கூரை வந்தது.

திரும்பிப் பார்த்தான். ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் அந்தக் கார் தார்ச்சாலையில் மோகனூர் பக்கம் திரும்புவது தெரிந்தது. பின்கண்ணாடியில் கனிஷ்கா. பெல்ட்டை உதறிவிட்டு, மண்டியிட்டு ஏறி, இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் ஊன்றியிருந்தாள். ஓட்டுகிறவனை அவள் பார்க்கவில்லை. இவனைத்தான் பார்த்தாள். வாய் அகலத் திறந்திருந்தது. இடைவிடாமல் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது.