இன்றைக்கு எத்தனை பலூன்?

எங்கள் தெரு ஆண்களைப் பின்னாலிருந்து பார்த்து அடையாளம் சொல்லவே முடியாது. எல்லோருக்கும் ஒரே தலை. காதுக்கு மேலே ஒரு நேர்க்கோடு, கழுத்துக்கு மேலே ஒரு நேர்க்கோடு. ஒருமுறை தபால்காரரின் மனைவி, முன்னால் போன ஒருவரின் பின்னாலேயே நடந்து கால் மணி நேரம் திட்டித் தீர்த்தார். அந்த மனிதர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பையையும் வீடு வரை தூக்கிக்கொண்டு வந்து கொடுத்த பிறகுதான், "நான் பக்கத்து வீடுங்க" என்றார்.

இதற்கெல்லாம் காரணம் மோப்பத்தின் அப்பா. தெருவில் இருந்த ஒரே சலூன் அவருடையது. அவருக்குத் தெரிந்தது அந்த ஒரே வெட்டு. முகச்சவரம் செய்யவே மாட்டார். பத்தொன்பது வயதில் யாரோ ஒருவரின் முகவாயில் கடுகளவு கீறிவிட்டாராம். "கத்தி எனக்கு வராது" என்று அன்றைக்குச் சொன்னவர், இருபது வருடமாக அதை மாற்றவே இல்லை.

மோப்பம் என்பது பட்டப்பெயர். பத்து வயதுப் பெண். எதைப் பார்த்தாலும் சந்தேகம். வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட, அப்போது யார் யார் எங்கே இருந்தார்கள் என்று நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாள்.

இப்படியிருக்கும்போது எதிர்வரிசையில் ஒரு புது சலூன் வந்தது. சுவர் நிறைய நாற்பது விதமான தலைகளின் படம். சவரமும் உண்டு. எங்கள் தெருத் தலைகள் ஒவ்வொன்றாகச் சாலையைக் கடந்தன.

ஒருநாள் சாப்பிடும்போது மோப்பத்தின் அப்பா சொன்னார்: "இன்னும் ஒரு மாசம் பாக்கறேன். அதுக்கப்புறம் கடையை மூடிட்டு அண்ணன்கிட்ட போயிடலாம்னு இருக்கேன். அவர் வேலை பாக்கற குளிர்பதனக் கிடங்குல ஆள் கேக்கறாங்க. மாசத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவேன்."

"அங்க ஐஸ் கிடைக்குமா?" என்று தம்பி கேட்டான். மோப்பம் நோட்டை எடுத்து, தேதி போட்டு, 'ஒரு மாசம்' என்று எழுதினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. ஆனால், பூட்டிய கடைக்குள்ளிருந்து 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'டப்'. மோப்பம் நோட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் நின்றாள். மொத்தம் இருபத்து மூன்று.

வெளியே வந்த அப்பாவின் புருவத்தில் சோப்பு நுரை இருந்தது.

"உள்ள என்ன சத்தம்பா?"

"என்ன சத்தம்?"

"டப்புன்னு கேட்டுச்சே. இருபத்து மூணு தடவை."

"காத்தா இருக்கும்."

காற்று எண்ணி எண்ணி அடிக்காது என்று மோப்பத்துக்குத் தெரியும்.

பிறகு தினமும் மத்தியானம் கடையின் திரைச்சீலை இறங்கியது. பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் மோப்பம் ஒருநாள் விடாமல் எண்ணினாள். பிறகு தம்பியின் பொம்மைக் கரடி காணாமல் போய், மறுநாள் திரும்பி வந்தது. அதன் ஒரு கன்னம் மட்டும் வழுவழுவென்று இருந்தது.

"அக்கா, கரடி ஏன் ஆபீசுக்குப் போற மாதிரி இருக்கு?" என்று தம்பி அழுதான்.

அம்மா பேருந்து ஓட்டுநர். சாலையில் எது குறுக்கே வந்தாலும் பதறமாட்டார். அப்படிப்பட்டவரே அப்பாவின் சட்டைப் பையைத் துழாவிவிட்டு, அதிலிருந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தபடி நின்றார்.

"யாருக்குப் பிறந்தநாள்?"

"யாருக்கும் இல்லையே."

"அப்புறம் எதுக்கு நூறு பலூன்?"

"சும்மா, சகாயமா கிடைச்சுது" என்றார் அப்பா. கிடங்கில் வேலைக்குப் போகிறவர் எதற்காகப் பலூன் வாங்குகிறார்? அம்மா மோப்பத்தைப் பார்த்தார். மோப்பம் அம்மாவைப் பார்த்தாள். கிடங்கு என்பது பொய், அப்பா சர்க்கஸில் சேரப் போகிறார் என்று மோப்பம் நோட்டில் எழுதினாள்.

மறுநாள் மத்தியானம் அவள் கடைக்குள் புகுந்து, அழுக்குத் துண்டுக் கூடைக்குள் உட்கார்ந்து, மேலே நான்கு துண்டைப் போட்டுக்கொண்டாள். அப்பா வந்தார். திரையை இழுத்துவிட்டார். ஒரு பலூனை ஊதி, பேனாவால் கண்ணும் வாயும் வரைந்து, நாற்காலியின் முதுகில் கட்டினார். கன்னத்தில் நுரை தடவினார். பிறகு கத்தியை எடுத்தார்.

"கொஞ்சம் தலையைத் தூக்குங்க சார்" என்று பலூனிடம் சொன்னார்.

டப்.

"மன்னிச்சிடுங்க சார்."

கூடை சிரித்துவிட்டது.

அப்பா துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். நான்காவது துண்டுக்குக் கீழே மகள் இருந்தாள்.

"எத்தனை நாளா இது நடக்குது?" என்று போலீஸ்காரர் மாதிரி கேட்டாள்.

"பதினெட்டு நாளா" என்றார் அப்பா, அகப்பட்டுக்கொண்டவர் மாதிரி. "சவரம் கத்துக்கிட்டா கடை நிலைக்குமோன்னு ஒரு ஆசை. ஆனா எனக்கு வரமாட்டேங்குதும்மா. பாத்தேல்ல, இன்னிக்கும் வெடிக்குது."

"இதை ஏன் ஒளிச்சு ஒளிச்சு பண்றீங்க?"

"இருபது வருஷமா கடை நடத்தறவன் பலூனை வச்சுப் பழகறான்னு தெரிஞ்சா, எவன் கழுத்தை நீட்டுவான்?"

மோப்பம் கூடைக்குள்ளிருந்தபடியே நோட்டை விரித்துக் காட்டினாள். சந்தேகத்துக்கு இடமான சத்தங்கள் என்று தலைப்புப் போட்டு, தேதி வாரியாக எழுதியிருந்தாள். முதல் நாள் இருபத்து மூன்று. அடுத்த வாரம் பதினேழு. அதற்கப்புறம் பதினொன்று. நேற்று ஆறு.

அப்பா நுரைக் கையால் எண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"நேத்து ஆறுதானா? எனக்கு அறுபது மாதிரி இருந்துச்சே."

"நான் எண்ணினதுப்பா. தப்பாது."

அந்தத் தாளைக் கிழித்து அவள் வாசல் கண்ணாடியில் ஒட்டினாள். திரையை விலக்கினாள். "வேண்டாம்மா, எல்லாரும் பாப்பாங்க" என்று அப்பா கெஞ்சினார். அவள் புதிதாக ஒரு பலூனை ஊதி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

"வெடிச்சா என் முகத்துலதான் நுரை தெறிக்கும். பாத்து பண்ணுங்க சார்" என்றாள் பலூனுக்குப் பின்னாலிருந்து.

வெளியே முதலில் மளிகைக்கடைக்காரர் நின்றார். பிறகு தபால்காரர் நின்றார். பலூன் தலையோடு ஒருவர் சவரம் செய்துகொள்வதைப் பார்த்தால் யார்தான் நிற்கமாட்டார்கள்? டப் என்றது. மோப்பத்தின் முகம் வெள்ளையாகிவிட்டது.

"இத்தனை வருஷமா இதுகூடத் தெரியாதா உங்கப்பாவுக்கு?" என்றார் மளிகைக்கடைக்காரர், வாசலிலிருந்தே.

"தெரியாதுங்க. அதான் கத்துக்கறார்" என்றாள் மோப்பம், கண்ணிலிருந்த நுரையை வழித்தபடி.

மளிகைக்கடைக்காரர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினார். ஆனால் மறுநாளும் வந்தார்.

தினமும் மத்தியானம் கூட்டம் கூடியது. "இன்னிக்கு எத்தனை?" என்பதுதான் தெருவில் பேச்சு. ஐந்து, ஐந்து, மூன்று என்று இறங்கிய எண்ணிக்கை, ஒருநாள் ஏழுக்கு ஏறியது. "பாத்தீங்களா, பழைய குருடி ஆயிட்டார்" என்று மளிகைக்கடைக்காரர் தலையாட்டினார். மோப்பம் ஏழு என்பதையும் மறைக்காமல் வாசல் தாளில் எழுதினாள். அன்று அப்பா கத்தி பிடித்த கோணத்தைச் சந்தேகத்தோடு பார்த்து, "கத்தி நேத்தைவிட நிமிர்ந்து நிக்குதுப்பா" என்றாள். மறுநாள் கத்தி சாய்ந்தது. எண்ணிக்கை இரண்டாகியது.

அம்மாவின் பேருந்து நடத்துநர் கூட்டத்தில் வந்து நின்றார். அவருடைய தாடியை நீங்கள் பார்த்ததில்லை. அது தொப்புள் வரை இறங்கும். டிக்கெட் கட்டை அதில்தான் செருகி வைப்பார். போன வருடம் உள்ளே போன விசில் திரும்ப வரவில்லை.

"பூஜ்யம் வரட்டும்க்கா. அன்னிக்கு நானே வந்து உட்கார்றேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். வராது என்ற தைரியம்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது பூஜ்யம் வந்தது. அன்று ஊதிய பத்துப் பலூன்களும் வழுவழுவென்று வரிசையாகத் தொங்கின. அம்மா நடத்துநரைத் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அக்கா, நாளைக்கு வரட்டுமா?"

"உட்காருப்பா. வண்டியை நடு ரோட்டுல நிறுத்திட்டு வந்திருக்கேன்."

அப்பா கத்தியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "கொஞ்சம் தலையைத் தூக்குங்க சார்" என்றார். பலூனிடம் நூறு முறை சொன்ன வார்த்தை. சொன்னதும் கத்தி தானாகச் சாய்ந்தது.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. தாடியிலிருந்து மூன்று பென்சில், விசில், செல்லாத இரண்டு டிக்கெட், அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு குருவி எல்லாம் கிடைத்தன. ஒரு சொட்டு ரத்தம் கிடைக்கவில்லை. நடத்துநர் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகம்.

மளிகைக்கடைக்காரர் தன் முகவாயைத் தடவியபடி நாற்காலியில் ஏறினார்.

மாதக் கடைசியில் பெரியப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். "என்னடா, நாளைக்குக் கிளம்பறியா? உனக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கேன்."

"இல்லண்ணே, வர முடியாது" என்றார் அப்பா. "சனிக்கிழமை ஒருத்தர் சுருட்டை முடியோட வரார். அது எனக்கு இன்னும் வரல."

"வரலைங்கறதை எதுக்குடா இத்தனை சந்தோஷமா சொல்றே?" என்று கேட்டார் பெரியப்பா.