நடவாது என்ற நல்ல சொல்

காபி ஆறுவதற்குள் ‘நடவாது’ என்று வந்துவிட வேண்டும். வந்துவிட்டால் எனக்கு அன்றைக்குத் திருவிழாதான். முந்தின நாள் எழுதிய பக்கங்களைக் காலையில் மெய்காணிக்கு அனுப்புவேன். அந்த இயந்திரம் உலகத்தில் உள்ள அறிவியல் அத்தனையையும் அலசிப் பார்த்து, நான் எழுதியது நடக்குமா நடக்காதா என்று சொல்லும். பறக்கும் திமிங்கலமா? நடவாது. தன் நிழலைக் கழற்றி இரவல் கொடுக்கும் கிழவனா? நடவாது. பட்ட மரங்கள் கூடிப் பஞ்சாயத்துப் பேசுவதா? நடவாது. ஒவ்வொரு முறையும் தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பேன்.

மற்றவர்களுக்கு இந்தச் சொல் வந்தால் முகம் தொங்கிப்போகும். பொறியாளர்கள் பாவம், அழுதே விடுவார்கள். மாயக்கதை எழுதுகிற எனக்கோ அதுதான் சோறு. பொய்ச் செய்திகளால் ஊர் ஊராகப் பற்றியெரிந்த காலத்துக்குப் பிறகு வந்த சட்டம் இது. எந்தப் புத்தகமானாலும் மெய் என்றோ புனைவு என்றோ ஒரே ஒரு முத்திரையோடுதான் வெளிவர முடியும். புனைவு முத்திரை வேண்டுமென்றால், அதில் வரும் அதிசயங்களில் ஒன்றுகூட நடக்கக்கூடியதாக இருக்கக் கூடாது.

என் பெயர் சுயம்புகனி. உடன்குடிக்குத் தெற்கே, கடல் நாளுக்கு நாள் நெருங்கி வந்துகொண்டிருக்கும் ஒரு ஊரில் வீடு. ‘தூவியின் நாடு’ என்ற நாவலை ஒன்பது வருடமாக எழுதி முடித்து, அன்று காலை முழுதாக மெய்காணிக்கு அனுப்பியிருந்தேன். கடைசிச் சோதனை. தனித்தனியாக எல்லா அத்தியாயமும் தேறியதுதானே என்ற தெனாவட்டில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

‘நடக்கும்’ என்று வந்தது.

இயந்திரத்துக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்று நினைத்தேன். மறுபடியும் அனுப்பினேன். மறுபடியும் நடக்கும். எந்த இடம் என்று கேட்டால், பின்னிணைப்பு மூன்று என்றது.

நாவலில் தூவி என்றொரு ராணி. நாடு முழுக்க உப்பு பூத்துப்போனதைப் பார்த்து அவள் பாறையில் உட்கார்ந்து அழுவாள். கண்ணீர் விழுந்த இடத்தில் ஒரு பாசி முளைக்கும். அது மண்ணிலும் நீரிலும் உள்ள உப்பைத் தின்று, நுனியில் வெள்ளை மணிகளாகக் கக்கும். மணிகளைக் கூட்டி அள்ளிவிட்டால் தண்ணீர் இனிக்கும். அழகான பொய். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாசகர்கள் விட்டால்தானே? போன நாவல் வந்தபோது, திமிங்கலம் பறக்கிறது சரி, எங்கே தூங்கும் என்று கேட்டுத் துளைத்துவிட்டார்கள். அந்த ரோஷத்தில் இந்த முறை பின்னிணைப்புகளாக எழுதித் தள்ளினேன். வரைபடம், வம்சாவளி, திமிங்கலத்தின் படுக்கை. மூன்றாவதில் பாசியின் பிறப்பு. எந்த இரண்டு கடற்பாசிகள் கூடினால் அது பிறக்கும், எந்தச் சூட்டில் வளரும், உப்பை எந்தச் சவ்வு வழியாக வெளியே தள்ளும் என்று மூன்று வருடம் படித்துப் படித்து எழுதினேன். மாயக்கதைக்காரியைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு கிறுக்குத்தனம் செய்யமாட்டார்கள். அதை அத்தியாயங்களோடு சேர்த்து மெய்காணி படித்தது அன்றுதான்.

சென்னையிலிருந்து பதிப்பாளர் அருள்மதி அழைத்தார். குரலில் பதற்றம். வழி ஒன்றுதான் என்றார். பின்னிணைப்பு மூன்றை அழித்து, அதைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டால், சட்டப்படி மெய்காணி தான் படித்ததை மறந்தாக வேண்டும். நாவலுக்குப் புனைவு முத்திரை கிடைத்துவிடும். அழிக்காமல், செய்துபார்க்க ஒப்புதல் கொடுத்தால் பாசி ஆய்வகத்துக்குப் போகும், நாவல் எந்த அலமாரிக்கும் போகாது. பாசி நிஜமாகிவிட்டால் அது வரும் கதை புனைவில்லை. திமிங்கலம் பறப்பதால் மெய்யும் இல்லை. பாசியை உருவிவிட்டு வெளியிடலாமா என்று நானே கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்தது. முதல் அத்தியாயம் முதல் கடைசிவரை கதை அந்தப் பாசியின்மேல்தான் நிற்கிறது.

சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்றேன். அழித்துவிடுவது என்று மனத்துக்குள் முடிவுசெய்துவிட்டேன். ஒன்பது வருடம் ஐயா! என் கையும் கழுத்தும் தேய்ந்த தேய்மானம் எனக்குத்தானே தெரியும்?

அடுத்த வீடு என் அண்ணன் மனைவி செல்வரதி மைனியுடையது. அண்ணன் போனபின் தனியாக இருக்கிறார். நாவலின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் கேட்டது அவர்தான். முடிவை மட்டும் சொல்லவில்லை, அச்சில் படிக்கட்டும் என்று வைத்திருந்தேன். நான் போனபோது முருங்கைத் தோட்டத்துக் கிணற்றடியில் நின்றிருந்தார். கிணறு உப்பாகி வெகுநாள். மரங்களில் பாதி பட்டுவிட்டன. ஊரைக் காலி செய்ய அரசு கெடு வைத்திருந்தது. ஓசூரில் மகள் வீட்டுக்குப் போக மைனி மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்.

“என்னட்டி, மூஞ்சி பேயறைஞ்ச மாரி இருக்கு?” என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மைனி கேட்டுக்கொண்டே வாளிக்கயிற்றைச் சுருட்டினார். அந்தப் பாசி நிஜமாகவே முளைக்குமா என்று ஒரு முறை கேட்டார். முளைக்கும் என்றேன். சற்று நேரம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத அழிச்சிருட்டி. ஒம்பது வருசமா நீ சோறு தண்ணி இல்லாம எழுதுனத நான்லா பாத்தேன்.”

“ஊரே போயிரும் மைனி.”

“ஊரு எங்க போனாலும் பொழைச்சிக்கிடும். தூவிக்கு வேற போக்கிடம் ஏது?”

தன் கிணறு, தன் மரம், அண்ணன் கட்டிய வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இல்லாத ஒரு ராணிக்கு இடம் கேட்கிறார் இந்த மனுஷி. இப்படி ஒரு வாசகி கிடைத்த பிறகு எனக்கு இன்னும் என்ன புத்தகம் வேண்டிக்கிடக்கிறது? கிணற்றடியில் நின்றபடியே கைபேசியை எடுத்து ஒப்புதல் கொடுத்துவிட்டேன். மைனி தடுக்கக் கையை நீட்டினார், அதற்குள் போய்விட்டது. அருள்மதி அழைத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பிறகு, நல்ல காரியம்தான், நாசமாய்ப் போக என்றார்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் தட்டுத் தட்டாக வந்து இறங்கியது பாசி. ஆய்வகம் அதற்கு எண்ணும் எழுத்துமாக ஏதோ பெயர் வைத்திருந்தது. நான் எழுதியபடியே பச்சை, நான் எழுதியபடியே நுனியில் வெள்ளை மணி! பெற்ற பிள்ளையைப் பார்த்ததுபோல் பார்த்துக்கொண்டே நின்றேன். கிணறுகளில் இறக்கினோம், வரப்புகளில் பதித்தோம். பெண்கள் காலையில் விளக்குமாற்றோடு போய் உப்பு மணிகளைக் கூட்டி அள்ளினார்கள். கெடுவை அரசு முதலில் தள்ளிவைத்தது, பிறகு ரத்தே செய்தது. மைனியின் பட்ட முருங்கை ஒன்றில் தூரிலிருந்து துளிர் வந்தபோது தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

தண்ணீர் இனித்த அன்று கிணற்றடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். புத்தகத்துக்குத்தான் முத்திரை வேண்டும், வாயால் சொல்வதற்கு வேண்டாம். மைனி என் பக்கம் திரும்பி, அந்த முடிவை இப்போதாவது சொல்லு என்றார்.

சொன்னேன். பாசி முளைத்து நாடு செழித்த பிறகு தூவியை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அரண்மனையும் இருக்காது, சிலையும் இருக்காது. வெகுகாலம் கழித்து அவள் வழிப்போக்கியாக வந்து தன் நாட்டுக் கிணறு ஒன்றில் தண்ணீர் கேட்பாள். இறைத்துக் கொடுக்கிறவளுக்கு வந்திருப்பது யாரென்று தெரியாது. தூவி குடித்துவிட்டு, நல்ல தண்ணீர் என்று மட்டும் சொல்லிவிட்டு நடப்பாள்.

மைனி எழுந்து வாளியை இறக்கினார். நிறைய இறைத்து, செம்பில் மொண்டு, என்னிடம் நீட்டினார்.

“எங்களுக்குத் தெரியும்லா யாருன்னு. குடி.”

குடித்தேன். நல்ல தண்ணீர் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. பாசி முளைத்துவிடப் போகிறது என்று யாரோ கிண்டல் செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை காபி கலந்து வைத்துக்கொண்டு புது நாவலின் முதல் பக்கத்தை மெய்காணிக்கு அனுப்பினேன். அதில் ஒருத்தி கடலுக்குள் மூழ்கிய தன் தெருவைக் கையால் பிடித்து மேலே தூக்குகிறாள். காபி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. நடவாது.

பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, பின்னிணைப்பை எழுத உட்கார்ந்தேன்.