வெறுங்காலில் நடக்கலாம்

கூடத்தில் யாரோ வெறுங்காலோடு நடந்தார்கள். மழைக்காகச் சன்னலைச் சாத்திவிட்டுக் கணினி முன் உட்கார்ந்திருந்தவளுக்கு அது முதலில் உறைக்கவில்லை. ஈரப் பாதம் சிமென்ட் தரையில் ஒட்டி, பிரிய மனமில்லாததுபோலப் பிரிந்து, சற்று நின்று மறுபடி ஒட்டும் அந்தச் சத்தம் எந்த வீட்டிலும் கேட்பதுதானே என்று விரல்கள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தன. பிறகுதான் நின்றன. இந்த வீட்டில் இப்போது யாரும் வெறுங்காலோடு நடப்பதில்லை. அவள் செருப்பு போட்டிருந்தாள். அண்ணனுக்கு இருப்பது இடது கால் மட்டும். அதிலும் குளிக்கும்போதுகூடச் செருப்பு. அவன் எழுந்தால் ஊன்றுகோலின் ரப்பர் முனைதான் முதலில் கேட்கும்.

"அண்ணே, எழுந்துட்டியா?"

"கட்டில்லதான் கிடக்கேன்." பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. "நீதான் தொப்பு தொப்புன்னு நடக்கறியோன்னு நினைச்சேன்."

"நான் இல்லண்ணே."

"அப்ப என் காலாத்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில போர் அடிச்சிருக்கும், வந்துருச்சு."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். மற்ற நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

மருத்துவ இதழ் ஒன்றில் அவளுக்கு வேலை. சர்க்கரை நோய்க் கட்டுரைகளின் கடைசியில் வரும் மேற்கோள்கள், அதாவது எந்த வரிக்கு எந்த ஆய்வு ஆதாரம் என்ற பட்டியல், சரியா என்று பார்ப்பாள். அச்சான பிறகு தவறு தெரிந்தால் திருத்தக் குறிப்பு எழுதுவதும் அவள்தான். இன்று திருத்த வேண்டியது அவளே எழுதியது. மேலே இருந்தது இதழின் ஆசிரியரான டாக்டரின் பெயர் என்றாலும், பாதங்களைப் பற்றிய பகுதி அவளுடையது. 'பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டுக்குள் வெறுங்காலில் நடக்கலாம்.' அந்த வரிக்கு ஆதாரமாக ஒரு பழைய ஆய்வைக் காட்டியிருந்தாள். அதை அவள் படித்ததேயில்லை. வேறு யாரோ எழுதிய கட்டுரையின் கடைசியில் கிடந்ததை அப்படியே பிடுங்கி இங்கே நட்டிருந்தாள். எல்லோரும் செய்கிறதுதான்.

அண்ணன் மூட்டை தூக்கி அவளைப் படிக்கவைத்தவன். சர்க்கரையால் பாதம் மரத்தபோது, வீட்டுக்குள்ளும் செருப்பு போடணுமா என்று அவளிடம்தான் கேட்டான். வேண்டாம் என்றாள். உள்ளங்காலில் ஒரு திருகாணி இறங்கியது தெரியாமல் நாள்கணக்கில் நடந்தான். நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. கணுக்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: அந்தப் பழைய ஆய்வு இதற்கு நேர்மாறாக அல்லவா சொல்கிறது? அன்றுதான் அதை முதல்முறையாகத் திறந்தாள். ஆமாம். வீட்டுக்குள் வெறுங்காலில் நடந்தவர்களுக்குத்தான் புண் வந்திருந்தது.

மதியம் டாக்டர் போனில் பேசினார். "வரியைத் தொடாதம்மா. தொட்டா கட்டுரையே போச்சு. வேற ஏதாவது மேற்கோளைப் போட்டு நம்பரை மட்டும் மாத்திவிடு. யாரு பாக்கப் போறா?"

"சரிங்க டாக்டர்."

அந்தச் 'சரி' இன்னும் நாக்கில் துருவாகக் கசந்தது.

தேடினாள். ஒரு கட்டுரை அதே வரியைச் சொன்னது; ஆதாரம் எது என்று பார்த்தால் அவள் கட்டுரை. இன்னொன்றைத் திறந்தாள். அதற்கும் அவள் கட்டுரை. ஏதோ ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டுத்தாள், அதற்கும் அதுவே. எத்தனை பேர் படித்தார்களோ, எத்தனை பேர் செருப்பைக் கழற்றினார்களோ. அவற்றில் ஒன்றையே எடுத்துப் பழைய ஆய்வு இருந்த இடத்தில் போட்டாள். கை கூசியது. போட்டாள்.

கூடத்தில் மறுபடி அந்தச் சத்தம். இப்போது காது கொடுத்துக் கேட்டாள். ஒவ்வொரு அடியும் ஒரே கனம். நடுவே மாற்றுக்கால் இல்லை. கூடவே, கதவின் கீழ்ச் சந்து வழியாக, அண்ணனின் புண்ணுக்குக் கட்டுப் பிரிக்கும் நாட்களில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்ட அந்த இனித்த நாற்றம்.

"சரி பண்ணிட்டியா பாப்பா?" அண்ணன் கேட்டான். "காலையிலேர்ந்து என்னவோ திருத்தம்னு உக்காந்திருக்கியே."

"முடிஞ்சிருச்சுண்ணே."

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும். நான்தான் தரையைப் பாத்து நடக்கல."

முகம் எரிந்தது. இப்போது சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். வாயைத் திறந்தாள். வாய் மூடிக்கொண்டது. குறிப்பை அனுப்பிவிட்டாள்.

சத்தம் நின்றது.

கதவு தானாக விலகியது. கூடத்துத் தரையில் ஈரச் சுவடுகள். எல்லாம் வலது பாதம். ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்பாக ஒரு பொட்டு. விரல்கள் எல்லாம் அவள் பக்கம். திரும்பிப் போன சுவடு ஒன்றுகூட இல்லை.

அறைக்குள் ஒரு சுவடு விழுந்தது. அடுத்தது மேசைக்குப் பக்கத்தில்.

அடுத்தது தெரியவில்லை. மேசைக்கு அடியில்.

குனியக் கூடாது என்று நினைத்தாள். குனிந்தாள்.

பாதம். கணுக்காலோடு முடிந்த பாதம். மூட்டை விழுந்து நசுங்கிய சுண்டுவிரல் நகம். அவளுக்குத் தெரிந்த நகம்.

வாசற்கதவு திறக்கும் ஓசை. மழை இரைச்சல். தொப். தொப். அகலமான ஒரு பாதம். ஒடுங்கிய ஒன்று. விரலில்லாத ஒன்று. யார் யாருடையவையோ. ஒன்றன்பின் ஒன்றாகக் கூடத்தில் வந்து நின்றன. பொறுமையாக. மருத்துவரைப் பார்க்கக் காத்திருப்பவர்களைப் போல.

"யாரு வந்திருக்கா பாப்பா? நிறையப் பேர் மாதிரி இருக்கு."

கட்டில் முனகியது. ரப்பர் முனை. செருப்பு. ரப்பர் முனை. செருப்பு.

"வராதண்ணே."

வந்துகொண்டிருந்தான்.

மேசைக்கு அடியில் நின்ற பாதம் மெல்லத் திரும்பியது. அதன் விரல்கள் இப்போது அண்ணன் வரும் பக்கம் நீண்டிருந்தன.